தலைமேல் வைத்த கை

கெய்லீன் ஸ்ட்ராகன் யார் எதைச் சொன்னாலும் முதல் தடவையே நம்பிவிடுகிறவள் இல்லை. "இன்னைக்குக் காலையில சுட்டதும்மா" என்று பேக்கரிக்காரன் சொன்னால் ரொட்டியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள். பல் மருத்துவர் "வலிக்காது" என்றால் நாற்காலியின் கைப்பிடியை முன்னாலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறவிக் குணமா, பிழைப்பு கொடுத்த குணமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கு உரம் போட்டவன் யார் என்று மட்டும் தெரியும்: அவள் புருஷனாக இருந்த நெவில்.

நெவிலுக்கு முதுகுவலி. வேலையிடத்தில் விழுந்தான், ஒன்பது வருஷம் நிவாரணப் பணம் வாங்கினான். அவன் காலுறையைக்கூடக் கெய்லீன்தான் மாட்டிவிட வேண்டும். அவள் அப்போது மெய்ட்லண்ட் நகரத்தில், தப்பான இடத்தில் நிறுத்திய வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை, வழக்கமாகப் போகாத தெருவுக்கு ஆள் இல்லையென்று அவளை அனுப்பினார்கள். அங்கே நடைபாதையை மறித்தபடி நெவிலின் வண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுக் கூரைமேல் நெவில். தோளில் ஓடுகளை அடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்குகிறான், வாயில் சீட்டி வேறு. கெய்லீன் வண்டிக்கு முறைப்படி சீட்டு எழுதிக் கண்ணாடியில் செருகினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவன் துணிமணியை எடுத்து வாசலில் வைத்தாள்.

அதன்பிறகு கொலின் என்பவனுடைய துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தாள். விபத்து நிவாரணம் கேட்பவர்களை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நோட்டம் பார்த்துப் படம் பிடிக்கும் வேலை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது, குள்ளம், வெளுத்த கம்பளிச் சட்டை, நீல நிறக் கொரோலா கார். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பறவைப் புத்தகம், மடியில் பைனாகுலர். சாலையோரம் அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது கொலினின் கணக்கு. "உன் மூஞ்சிதான் கெய்ல் எனக்கு மூலதனம். பார்த்த மறு நிமிஷம் மறந்துடும்" என்பான். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ராய்ஸ் டிண்டலின் கோப்பு அவளிடம் வந்தது ஓர் ஆகஸ்ட் மாதம், அந்த நாட்டின் நல்ல குளிர்காலத்தில்.

டங்காக் என்ற சிற்றூர்ப் பக்கம் வேலி போடும் தொழில் செய்பவன் ராய்ஸ். வயது நாற்பத்தொன்பது. ஏப்ரலில் மெய்ட்லண்டில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, பின்னால் வந்த சரக்கு வேன் அவன் வண்டியில் இடித்துவிட்டது. மூன்றாம் நாள் டாக்டரிடம் போய் வலது கை மரத்துப்போகிறது என்றிருக்கிறான். கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, அதை எடுத்துவிட்டு எலும்புகளைப் பிணைக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். செலவு வேனுக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனியின் தலையில் விழும்.

கம்பெனி ஒப்பவில்லை. அவர்களுடைய மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பில் பழைய தேய்மானம் இருக்கிறது, முள்முள்ளாக எலும்பு வளர்ந்திருக்கிறது, இது ஒரு நாளில் வருவதில்லை என்று எழுதிவிட்டார். அதோடு ராய்ஸ் முப்பது வருஷமாக மரம் வெட்டும் போட்டிகளில் கோடாரி வீசுகிறவன். ஊர்த் திருவிழா ஒன்றையும் விடமாட்டான். கழுத்தைக் கெடுத்தது கோடாரியா, வேனா என்பதுதான் வழக்கு.

அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டவன் கம்பெனியிலிருந்த டேமியன். முப்பது வயது இருக்கும். தொலைபேசியில் எப்போதும் சிரித்த குரல்.

"கெய்லீன், இந்த ஆளு நடிக்கிறான்னு எனக்கு நல்லாவே தோணுது. இடிச்ச அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. மூணு நாள் கழிச்சுத்தான் கை மரத்துப்போச்சாம். மூணு நாள் யோசிச்சிருக்கான்."

"யோசிக்க மூணு நாள் எதுக்குப்பா? எங்க வீட்டுல இருந்தவன் கீழ விழறதுக்குள்ள யோசிச்சு முடிச்சுட்டான்" என்றாள் கெய்லீன்.

ராய்ஸின் வீடு மண்பாதைக்கு எதிரே, சற்று உயரத்தில் இருந்தது. முன்புறம் முழுக்கத் திறந்த வராந்தா. பாதைக்கு இந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் மரங்களின் நிழலில் வண்டியை நிறுத்தினாள். பிளாஸ்கில் தேநீர், பிரெட்டில் தடவிய வெஜிமைட், பக்கத்தில் குறிப்பேடு. மணி, நிமிஷம், செய்கை என்று எதையும் விடாமல் எழுதுவது அவள் வழக்கம். அபராதச் சீட்டு எழுதிய கை, சும்மா இருக்காது.

முதல் இரண்டு நாள் ராய்ஸ் வெளியே வருவதும் உள்ளே போவதுமாகவே இருந்தான். நல்ல உயரம், கதவு மாதிரி அகலம். இந்த ஆளுக்கா கை மரத்துப்போகிறது என்று அவளுக்குள் ஒரு ஏளனம். மூன்றாம் நாள்தான் அந்த விசித்திரத்தைக் கவனித்தாள். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தவன், வலது கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டான். அப்படியே ஏழு நிமிஷம். இறக்கினான். அரை மணி கழித்து மறுபடியும்.

நம் பக்கத்தில் இப்படி உட்கார்ந்தால் தரித்திரம் என்று யாராவது கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு சாத்திரம் இல்லை. கெய்லீனின் சந்தேகம் வேறு வழியில் ஓடியது. ஏனென்றால் அவன் கையைத் தலையில் வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவன் மனைவி ஜனெல் கதவைத் திறந்துகொண்டு வருவாள். வந்தவள் புருஷனைப் பார்க்க மாட்டாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து நேராகப் பாதையை, மரங்களை, நீலக் கொரோலாவைப் பார்ப்பாள். பிறகு கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போவாள்.

'இது சைகை' என்று கெய்லீன் முடிவு கட்டினாள். நம்மைக் கண்டுகொண்டான். 'வந்திருக்காங்க, ஜாக்கிரதை' என்று பெண்டாட்டிக்குச் சொல்கிறான். குறிப்பேட்டில் எழுதினாள்: "10.42. வராந்தா. வலது கை தலைமேல். 7 நிமிடம். வீட்டிலுள்ளவருக்கு சைகையாக இருக்கலாம்." அதன்பிறகு ஒவ்வொரு தடவையையும் விடாமல் குறித்தாள். ஆறாம் நாள் முடிவதற்குள் நாற்பத்து மூன்று தடவை.

ஆறாம் நாள் அவள் காத்திருந்த காட்சி கிடைத்தது. ராய்ஸ் தன் வண்டியின் பின்னாலிருந்து இருபது கிலோ நாய்த் தீவன மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனான். திரும்பி வந்து இன்னொன்று. கெய்லீன் படம் பிடித்துக்கொண்டே "ஆங், மாட்டினியா" என்றாள்.

பத்தொன்பது மணி நேரப் படத்திலிருந்து பதினொரு நிமிஷத்தை வெட்டிக் கோத்து, குறிப்பேட்டின் நகலோடு அனுப்பினாள். கூடவே, திருவிழாச் சங்கத்தார் இணையத்தில் போட்டிருந்த ஒரு படமும் அவளுக்குச் சிக்கியது. விபத்துக்குப் பதினாறு நாள் முன்பு நடந்த போட்டி. கிடையாகப் போட்ட கட்டையின்மேல் ஏறி நின்று, தன் கால்களுக்கு நடுவே கோடாரியை இறக்குகிறான் ராய்ஸ். சில்லுகள் பறக்கின்றன. நாற்பது நொடியில் கட்டை இரண்டு துண்டு.

டேமியன் துள்ளிக் குதித்தான். "இதுதான்! இப்படி முப்பது வருஷம் வீசினா கழுத்து என்னத்துக்கு ஆகும்? கெய்லீன், நீங்க தெய்வம்!"

தெய்வத்துக்கு அந்த வாரமே சம்பளம் வந்தது. அவள் அடுத்த கோப்புக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் மறுபடியும் டேமியனிடமிருந்து அழைப்பு. இந்தத் தடவை குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. வழக்கு நடுநிலை மருத்துவர் ஒருவரிடம் போயிருந்தது. டாக்டர் ஹார்ட்னால் என்ற எழுபது வயது அம்மாள், பழைய மூளை நரம்பு மருத்துவர். ராய்ஸை நேரில் சோதித்து, காகிதங்களையெல்லாம் படித்து, அறுவைக்குக் காரணம் விபத்தா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர்.

"அந்தம்மா உங்க குறிப்பேட்டை வரி விடாமப் படிச்சிருக்காங்க" என்றான் டேமியன். "வெட்டாத முழுப் படமும் வேணுமாம். அதுவும் அந்தத் தலைமேல கை வைக்கிற இடமெல்லாம் கட்டாயம் வேணும்னு கேக்கறாங்க."

"சரி, அனுப்பறேன்."

"இல்ல, பாருங்க... எடுத்து தொண்ணூறு நாளுக்கு மேல ஆச்சு. பொதுவா இவ்வளவு நாள் வச்சிருக்க மாட்டீங்கல்ல? இடம் அடைக்குமே?"

கெய்லீனின் காது விடைத்தது. "அழிச்சாச்சான்னு கேக்கறியா, இல்ல அழின்னு சொல்றியா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "நான் எதுவும் சொல்லலியே."

"அப்படியா? அப்ப எதுவும் சொல்லலைன்னே எழுதிக்கறேன்" என்று வைத்தவள், குறிப்பேட்டை இழுத்து எழுதவும் செய்தாள். தேதி, மணி, அவன் கேட்டது, அவள் கேட்டது, நடுவில் மௌனம்.

அவளுடைய சந்தேகத்தில் இருந்த நல்ல குணம் ஒன்று, அது ஆள் பார்க்காது. ராய்ஸை எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அதே கண் இப்போது டேமியன் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒருவன் ஒரு பொருளை அழிக்கச் சொல்கிறான் என்றால் அதில் அவனுக்கு ஆகாத ஏதோ இருக்கிறது. என்ன அது?

மறுநாள் காலை சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்து முதல் படத்திலிருந்து ஓடவிட்டாள். இரண்டு பகல் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் ராய்ஸ். வலது கையை உதறுகிறான். இடது கையால் வலது முழங்கைக்கு மேலே பிசைகிறான். தோளைத் தூக்கி இறக்குகிறான். பிறகு கையைத் தலைமேல் வைக்கிறான். கெய்லீன் படத்தைப் பெரிதாக்கினாள். அன்றைக்கு அவள் பார்த்ததெல்லாம் கையை மட்டும்தான். இன்று முகம் தெரிந்தது. கை மேலே போனதும் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. தாடை தளர்கிறது. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத் துணி பட்ட மாதிரி ஓர் ஆசுவாசம். ஏழு நிமிஷம் கழித்துக் கையை இறக்குகிறான், முகம் மறுபடி சுருங்குகிறது. வீட்டுப் பக்கம் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சைகை காட்டுகிறவன் கண்ணை மூடிக்கொண்டா காட்டுவான்?

அடுத்து மூட்டை தூக்கும் படத்தைப் போட்டாள். தீவன மூட்டையை இழுத்தது இடது கை. போட்டுக்கொண்டது இடது தோளில். வலது கை சும்மா பக்கத்தில் தொங்கியது. இரண்டாவது மூட்டைக்குப் பிறகு வண்டியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நான்கு நிமிஷம் அசையாமல் நின்றான். அந்த நான்கு நிமிஷம் டேமியனுக்கு அனுப்பிய படத்தில் இல்லை. வெட்டியது வேறு யாருமல்ல, அவளேதான். 'நிற்கிறான், இதில் ஒன்றுமில்லை' என்று நினைத்து வெட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

நெவில் வலியில் முனகும்போதெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டேதான் முனகுவான். இவன் யாரையும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. எழுந்து கொலினுக்குப் போன் போட்டாள்.

"முழுசா அனுப்பப் போறேன்."

"கெய்ல், கொஞ்சம் பொறு. டேமியன் என்கிட்டயும் பேசினான். வருஷத்துக்கு அறுபது கோப்பு அவங்ககிட்டேயிருந்து வருது. நீயே வெட்டு, அந்தம்மா கேட்ட இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா..."

"வெட்டினது போதும்."

"திடீர்னு உனக்கு அந்த ஆளுமேல பாசமா?"

"பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் வேலி போடற லட்சணம் எனக்குப் பிடிக்கலை. ஆனா நான் பார்த்ததை நான் பார்க்கலைன்னு சொல்ல மாட்டேன்."

கொலினையும் அவள் முழுக்க நம்பவில்லை. அவன் கைக்குப் போனபின் நடுவில் ஏதாவது காணாமல் போய்விட்டால்? ஆகவே கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலத்தையும் கூடவே வைத்தாள். இத்தனை துண்டுப் படம், மொத்தம் பத்தொன்பது மணி ஆறு நிமிஷம், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பட்டியல். கடைசி வரியில், "சைகையாக இருக்கலாம் என்று நான் எழுதியது தவறு என்று இப்போது நினைக்கிறேன்" என்று சேர்த்தாள். அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு அரைமணி ஆயிற்று.

பிப்ரவரியில் முடிவு வந்தது. கொலின் அதை அவள் மேசையில் விட்டெறிந்தான். "படி. உன் பேரும் இருக்கு, சந்தோஷப்படு."

பதினான்கு பக்கம். கெய்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். டாக்டர் ஹார்ட்னால் சுற்றி வளைத்து எழுதுகிறவராக இல்லை. ராய்ஸின் கழுத்தில் பழைய தேய்மானம் இருந்தது உண்மை. கோடாரியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வயதில் பாதிப் பேருக்குப் படம் எடுத்தால் அப்படித்தான் தெரியும், பெரும்பாலோருக்கு வலியே இருக்காது. கேள்வி தேய்மானம் இருந்ததா என்பதல்ல, அது எப்போது தொல்லை கொடுக்கத் தொடங்கியது என்பதே. இருபத்திரண்டு வருஷ மருத்துவக் குறிப்புகளில் கழுத்து என்ற சொல்லே கிடையாது. விபத்துக்குப் பதினாறு நாள் முன்பு எடுத்த போட்டிப் படத்தில் வலது கை முழு பலத்தோடு வேலை செய்கிறது. இப்போது அதே கையின் பின்தசை மெலிந்துவிட்டது. டாக்டரின் ரப்பர் சுத்தியலால் தட்டினால் துள்ளுவதில்லை. நரம்பு நசுங்கியவர்களில் சிலருக்குக் கையைத் தலைமேல் வைத்தால் நரம்பின் இழுப்பு தளர்ந்து வலி குறையும். "ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்று இவரிடம் கேட்டேன். 'தெரியலை டாக்டர், அப்படி வச்சாக் கொஞ்சம் தேவலை' என்றார். இதை நடித்துக் காட்ட முதலில் இப்படி ஒன்று உண்டென்று தெரிந்திருக்க வேண்டும். நோட்டம் பார்த்தவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. ஆனாலும் நாற்பத்து மூன்று முறை பிசகாமல் குறித்து வைத்திருக்கிறார்."

விபத்து ஒன்றே காரணம் என்று இருக்க வேண்டியதில்லை, கணிசமான காரணமாக இருந்தால் போதும், அப்படி இருக்கிறது, அறுவைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். அவ்வளவுதான்.

கெய்லீன் கடைசிப் பக்கத்தை மூடினாள். சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. அவள் மட்டும் அந்தக் கிறுக்குச் சந்தேகத்தைக் காகிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால், பதினொரு நிமிஷப் படம் அந்த மனிதனை முடித்திருக்கும். எழுதியதும் நல்லெண்ணத்தில் எழுதியதில்லை. இதில் மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

டேமியனின் கம்பெனிக் கோப்புகள் நின்றன. கொலின் இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. அவர்களிடம் அவள் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "எடுத்தது எல்லாம் தருவேன். எது வேணும், எது வேண்டாம்னு நீங்க பார்த்துக்குங்க. நான் வெட்டித் தர மாட்டேன்." சிலர் போனார்கள், சிலர் இருந்தார்கள். டேமியன் வேறு பிரிவுக்கு மாறிப் பதவி உயர்வும் வாங்கிவிட்டான் என்று கொலின் ஒருநாள் சொன்னான். அதை அவள் உடனே நம்பினாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குழாய்க்கு வாஷர் வாங்க மெய்ட்லண்டில் பெரிய இரும்புக் கடைக்குப் போனாள். வாசலில் வழக்கம்போலக் கூடாரம் போட்டு, ஏதோ ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படைக்காக நிதி சேர்க்கிறவர்கள் சாஸேஜ் சுட்டு பிரெட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று முன்னால் வந்த பிறகுதான் இடுக்கியோடு நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாள். கதவு மாதிரி அகலம். தொண்டைக்குப் பக்கவாட்டில், சட்டைக் காலருக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய வடு.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"நீல கொரோலாதானே நீ?"

மறந்துபோகும் முகம் என்று கொலின் சொன்னதெல்லாம் பொய். கெய்லீன் நிமிர்ந்து நின்றாள். "ஆமா."

"ஏ ஜனெல்! இங்க வா. பறவை பார்க்க வந்தவங்கன்னு சொன்னேனே, அந்தப் பறவைக்காரம்மா வந்திருக்காங்க."

வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ஜனெல் கரண்டியோடு வந்தாள். கெய்லீனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீயா அது? நாசமாப் போக! இவன் எவளையோ சேர்த்துக்கிட்டு, அவ வாசல்ல வந்து காத்துக் கிடக்கறான்னுல்ல நெனச்சேன்! மூணு வாரம் இவனுக்கு நான் சோறு போடலை, தெரியுமா?"

"டின்னுல அடைச்ச பீன்ஸ்தான் தின்னேன்" என்றான் ராய்ஸ். "கழுத்து வலி பரவால்லம்மா. இவ பேசாம இருந்தா பாரு, அதுக்கு எவன் நிவாரணம் குடுப்பான்?"

அப்போதுதான் கெய்லீனுக்குப் புரிந்தது, ஜனெல் ஏன் கதவைத் திறந்து திறந்து பாதையைப் பார்த்தாள் என்று. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கை எப்படி இருக்கு?"

"விரல் ஒண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்புதான். மத்தபடி தேவலை." இடுக்கியை வலது கைக்கு மாற்றி ஒரு சாஸேஜைப் புரட்டிக் காட்டினான். "கோடாரி வேண்டாம்னுட்டாரு டாக்டரு. இனிமே போட்டியில நேரம் குறிக்கிற ஆளு நான்."

"முதல்ல நான் பொய்யாத்தான் நெனச்சேன்" என்றாள் கெய்லீன். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. அதனால் நடந்ததை மட்டும் சொன்னாள். "பதினொரு நிமிஷத்தை வெட்டி அனுப்பினதும் நான்தான்."

ராய்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தான். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பித்தான் பார்த்தான். "வக்கீல் சொன்னாரு. மிச்சத்தை அனுப்பினதும் நீதான்னும் சொன்னாரு." பிறகு பிரெட்டை எடுத்து நீட்டினான். "சாஸு தக்காளியா, பார்பிக்யூவா?"

"தக்காளி."

ஜனெல் வெங்காயத்தை அள்ளி மேலே போட்டாள், வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாக. "அடுத்த தடவை எவன் வீட்டு வாசல்ல உக்காந்தாலும், அந்த வீட்டுப் பொம்பளைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு தாயே" என்றாள். "குடும்பம் நடத்த வேண்டியவ அவதான்."

"சொன்னா என் வேலை போயிடும்."

"போகட்டுமே. இங்க வெங்காயம் உரிக்க ஆள் இல்லாம இருக்கோம்."

பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். கெய்லீன் நகர்ந்துகொண்டு, வாஷர் வாங்க வந்ததை மறந்து, கூடாரத்தின் ஓரமாக நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.